எதிர்வரிசையில் ஆறு ஆண்டுகள்: காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் ஸாஹிப்

பட்டிப்பொலவில் எங்கள் கடைக் கல்லாவுக்கு மேலே ஒரு படம் தொங்கியது. தொப்பி, வெண்தாடி, மெலிந்த முகம். மலைக்குளிரில் ஓரமெல்லாம் பூத்து மஞ்சளாகிவிட்ட படம். சிறு வயதில் அவரை எங்கள் குடும்பத்தின் பெரியவர் ஒருவர் என்றே நினைத்திருந்தேன். என் வாப்பாவின் வாப்பா மேலப்பாளையத்திலிருந்து வந்து இந்த மலையில் கடை போட்டவர். படத்தில் இருந்தவரும் அந்தப் பக்கத்து மனிதர்தான். திருநெல்வேலிப் பேட்டையில் 1896 ஜூன் 5இல் பிறந்த மர்ஹூம் முஹம்மது இஸ்மாயில் ஸாஹிப் அவர்கள். காயிதே மில்லத் என்றால்தான் பலருக்குத் தெரியும்.

கல்லூரிப் படிப்பை 1920இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பாதியில் விட்டார். பிறகு தோல் வியாபாரம். அதன் பிறகு முஸ்லிம் லீக். இதையெல்லாம் எல்லா நினைவுக் கட்டுரைகளிலும் படித்திருப்பீர்கள். நான் எழுத வந்தது, அவர் சென்னைச் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த 1946 முதல் 1952 வரையான காலத்தைப் பற்றி. நமது ஆட்கள் அதிகம் கதைக்காத பகுதி அது.

1946 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 215 இடங்களில் முஸ்லிம்களுக்கு ஒதுக்கப்பட்டவை 28. அந்த 28ஐயும் லீக் வென்றது. காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சி என்பதால் இஸ்மாயில் ஸாஹிப் எதிர்க்கட்சித் தலைவரானார். அடுத்த ஆண்டே நாடு பிரிந்தது. பிரிவினை கேட்ட கட்சியின் பெயரைச் சுமந்துகொண்டு, பிரிவினைக்குப் பின்னும் அதே சபையில், அதே எதிர்வரிசையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும்? கட்சியைக் கலைத்துவிட்டு காங்கிரஸில் சேர்வதுதான் புத்தி என்று வெளியிலிருந்தும் சொன்னார்கள், உள்ளேயிருந்தும் சொன்னார்கள். வட இந்தியாவில் பலர் அப்படித்தான் செய்தார்கள். அவர் செய்யவில்லை. 1948 மார்ச் 10இல் சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூட்டம் கூட்டி, இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்ற பெயரில் கட்சியைத் தொடர்வதென முடிவெடுத்தார்.

அந்த ஆறு ஆண்டுகளில் எதிரே ஆளும் வரிசையில் பிரகாசம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா என்று மூன்று பேர் மாறி மாறி வந்தார்கள். இந்தப் பக்கம் அவர் மாறவில்லை.

அரசியல் நிர்ணய சபையிலும் அவருக்கு இதே நிலைதான். 1948 நவம்பரில் பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார். ஏற்கப்படவில்லை. 1949 மே மாதம் தனித் தொகுதி முறை நீடிக்க வேண்டும் என்று வாதாடினார். முஸ்லிம் உறுப்பினர்களிலேயே சிலர் எழுந்து அவரை மறுத்தார்கள். அதிலும் தோல்வி. மொழி விவாதத்தில் பழமைதான் அளவுகோல் என்றால் தமிழுக்கே உரிமை உண்டு என்றார். சபை இந்தியைத் தேர்ந்தது. தனித் தொகுதி விஷயத்தில் அவர் வாதம் எனக்கும் முழுதாக ஒப்பவில்லை. ஒரு சமூகத்தைத் தனிப் பெட்டியில் வாக்களிக்க விட்டால் மற்றவர்களுக்கு அதனிடம் வாக்குக் கேட்கும் தேவையே இல்லாமல் போய்விடும். ஆனால் தோற்கும் என்று தெரிந்த பிரேரணையை முறைப்படி முன்வைத்து, காரணம் சொல்லி, பதிவில் ஏற்றிவிட்டு அமைதியாக உட்கார்ந்தாரே, அதை எண்ணும்போது எனக்கு மரியாதை கூடுகிறது.

அதே ஆண்டுகளில் எங்கள் மலையில் நடந்ததை நினைத்தால்தான் இது சரியாக விளங்கும். 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. நுவரெலியாவில் வென்றவர் தொண்டமான். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952 பாராளுமன்றத்தில் அந்தக் கட்சியின் ஒருவர்கூட இல்லை. எங்கள் பாட்டனாரும் நாடற்றவர் பட்டியலில் விழுந்தவர்தான். விண்ணப்பம் போட்டு, விசாரணைக்கு அலைந்து, கடைசிவரை கடுதாசிக்குக் காத்திருந்தார். தனக்கு வாக்கில்லாத நாட்டில் இருந்துகொண்டு, கடல் கடந்த ஒரு எதிர்க்கட்சித் தலைவரின் படத்தை அவர் ஏன் மாட்டினார் என்று வாப்பாவுக்கும் தெரியாது. எனக்கு ஓர் ஊகம் உண்டு, அதை எழுதினால் அவர் வாயில் நான் வார்த்தை வைத்ததாகிவிடும்.

1952இல் தனித் தொகுதிகள் இல்லாத முதல் தேர்தலில் லீக்கின் 28 இடங்கள் ஐந்தாகச் சுருங்கின. எதிர்க்கட்சித் தலைமை வேறு கைகளுக்குப் போனது. இஸ்மாயில் ஸாஹிப் மாநிலங்களவைக்குச் சென்றார். பிறகு 1962, 1967, 1971 என்று மூன்று முறை கேரளத்தின் மஞ்சேரி மக்கள் இந்தத் தமிழரை மக்களவைக்கு அனுப்பினார்கள். 1967இல் அண்ணாவின் கூட்டணியில் அவர் கட்சியும் இருந்தது. சென்னையில் காங்கிரஸ் ஆட்சி முடிந்தது. அவர் மந்திரிப் பதவி எதையும் ஏற்றதில்லை.

நமது பாராளுமன்றத்தில் சிறுபான்மையிலிருந்து எதிர்க்கட்சித் தலைவராக 1977இல் அமிர்தலிங்கமும் 2015இல் சம்பந்தனும் இருந்திருக்கிறார்கள். முஸ்லிம் ஒருவர் இருந்ததில்லை. எமது பிரதிநிதிகளுக்கு எதிர்வரிசை என்பது அடுத்த அமைச்சு கிடைக்கும்வரை நிற்கும் பஸ் தரிப்பிடம் போலாகிவிட்டது. அமைச்சு இருந்தால்தான் பாதை வரும், பாடசாலைக் கட்டடம் வரும், நியமனம் வரும் என்று அவர்கள் சொல்வது பொய்யுமல்ல. பட்டிப்பொலவில் பாதை கேட்டு அலைந்தவன் என்ற முறையில் எனக்கும் அது தெரியும். ஆனாலும் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட 2020இல், அரசியலமைப்பின் இருபதாவது திருத்தத்துக்கு எதிர்வரிசையிலிருந்தே கைதூக்கிய நம்மவர்களைப் பார்த்தபோது அந்தக் கல்லாப் படம்தான் கண்முன் வந்தது.

காயிதே மில்லத் 1972 ஏப்ரல் 5இல் சென்னையில் வபாத்தானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கப்பட்டார். சில வருடங்களுக்கு முன் மருத்துவத்துக்காகச் சென்னை போனபோது அஸருக்குப் பின் அங்கே போய் நின்றேன். எங்கள் கடைப் படம் இப்போது என் வீட்டில், கண்ணாடி மாற்றி வைத்திருக்கிறேன். அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக. ஆமீன்.