தென்துருவங் கண்ட அமுண்ட்சன்

செய்யப்போவதை மேடையிலே முழக்கிவிட்டு, செய்யாதே ஓய்ந்துவிடும் வழக்கம் மாணவராகிய எமக்கு உண்டு. அவ்வழக்கம் சிறிதும் இல்லாதிருந்த ஒருவரைப் பற்றி எழுத விழைகின்றோம்.

றோல்ட் அமுண்ட்சன் 1872 ஆம் ஆண்டு நோர்வேயிலே கப்பற்றொழிற் குடும்பமொன்றிற் பிறந்தார். மைந்தன் வைத்தியனாக வேண்டுமென்பது அன்னையாரின் ஆசை. (இவ்வாசை யாழ்ப்பாணத்து அன்னையர்க்கு மட்டும் உரியதன்று போலும்!) அவரும் மருத்துவம் பயிலச் சென்றார், உள்ளமோ துருவத்தை நாடிற்று. அதனை அன்னையாரிடம் அவர் வெளியிடவில்லை. கடும் மாரியிலும் யன்னல்களைத் திறந்துவைத்து உறங்கி உடலைக் குளிருக்குப் பழக்கினார். நல்ல காற்றில் விருப்பம் என்று அன்னையாருக்குக் காரணங் கூறினார். 1893 இல் அன்னையார் இறந்த பின்னரே படிப்பைத் துறந்தார்.

1903 முதல் 1906 வரை சிறு கப்பலொன்றில் ஆறு துணைவருடன் சென்று வடமேற்குக் கடல்வழியைக் கடந்தார். இடையிலே ஏறக்குறைய இரண்டாண்டு ஓரிடத்தில் தங்கி, அங்குள்ள எஸ்கிமோ மக்களிடம் தோலாடை அணியவும் நாய்களைக் கொண்டு சறுக்குவண்டி செலுத்தவும் கற்றார்.

அடுத்து வடதுருவத்தை அடைய எண்ணி, நான்சன் என்னும் பெரியாரிடம் 'பிராம்' கப்பலை இரவல் பெற்றார். ஆயின் 1909 இல் அமெரிக்கர் இருவர் தாமே அங்கு முந்தியதாக அறிவித்தனர். அமுண்ட்சன் தென்துருவஞ் செல்ல முடிவு செய்தார். தமையனார் லெயோனும் மிகச் சிலருமே அதனை அறிவர். 1910 ஆகஸ்டில் 97 நாய்களுடனும் ஒரு பலகை வீட்டுடனும் கப்பல் புறப்பட்டது. மிதக்கும் பனிக்கட்டிக்கு வீடு எதற்கென்று மாலுமிகள் வியந்தனர்! மதீராத் தீவிலேதான் உண்மையைக் கூறினார், யாவரும் உடன்பட்டனர். அதே நோக்குடன் புறப்பட்டிருந்த ஆங்கிலேயர் ஸ்கொட்டுக்கு மெல்பேணிலே தந்தி கிடைத்தது.

இச்செயலை நாம் முற்றும் மெச்சமாட்டோம். தன் இலட்சியத்தைத் தன்னுள் வைத்திருத்தல் வேறு. பிறர் பணத்தையும் கப்பலையும் பெற்றுக்கொண்டு அவர்க்கே அதனை ஒளித்தல் வேறு. நான்சன் அறிந்தாற் கப்பலைத் தரமாட்டாரோ என்ற அச்சமே அவரை மௌனியாக்கிற்று.

எனினும் அவர் உழைப்பிலே குறை காண்பதரிது. 1911 இல் மாரிக்கு முன்னரே 80, 81, 82 ஆம் பாகைகளில் உணவைச் சேமித்து, பனிமூட்டத்தில் இடந்தவறாதிருக்க இருபுறமும் கொடிகள் நட்டனர். செத்தெம்பரிற் பொறுமையிழந்து புறப்பட்டுக் கடுங்குளிரால் மீண்டதும் உண்டு. ஒக்டோபர் 19 இல் ஐவரும் 52 நாய்களும் மறுபடி புறப்பட்டு, டிசெம்பர் 14 இல் துருவத்தை அடைந்தனர். 34 நாட்களின் பின் வந்த ஸ்கொட்டும் நால்வரும் மீளும் வழியில் மாண்டனர்.

1912 மார்ச்சிலே ஹோபாட் துறையை அடைந்தபோதும் மாலுமிகளைக் கப்பலிலேயே நிறுத்தி, தாம் மட்டும் இறங்கித் தமையனாருக்குத் தந்தி அடித்தார்.

1928 யூன் 18 ஆம் நாள், தம்மோடு பிணங்கியிருந்த இத்தாலியர் நோபிலே வடதுருவப் பனியில் அகப்பட்டாரென அறிந்து, அவரைத் தேடி விமானத்திற் சென்றார். அவ்விமானம் மீளவில்லை.