மலர் அறையில் ஒரு கட்டில்

குடிநோயால் வாடும் குடும்பங்கள் நம் பங்குகளில் எத்தனையோ உண்டு. கணவனையோ மகனையோ மருத்துவமனையில் சேர்க்கிறோம். சில நாள்களில் முகம் தெளிந்து வீடு திரும்புகிறார். நன்றித் திருப்பலிக்கும் எழுதிக் கொடுக்கிறோம். அதற்குப் பிறகு? அந்தக் கேள்விக்காகவே தம் வாழ்வின் கடைசி இருபத்தேழு ஆண்டுகளைச் செலவிட்டவர் அருட்சகோதரி இக்னேஷியா.

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் 1889-ஆம் ஆண்டு ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் பிரிட்ஜெட் கேவின். சிறுமியாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் குடியேறியது. இசை ஆசிரியையாகப் பணியாற்றியவர், 1914-இல் புனித அகுஸ்தினாரின் பிறரன்புச் சகோதரிகள் சபையில் சேர்ந்து இக்னேஷியா என்ற பெயரைப் பெற்றார். துறவறத்திலும் இசை கற்பிக்கும் பணியே. அதன் சுமையில் உடலும் மனமும் நொறுங்கிப் படுக்கையில் விழுந்தார். இசையை விட்டுவிட வேண்டும், இல்லையேல் உயிருக்கே ஆபத்து என்றார் மருத்துவர். 1928-இல் ஆக்ரன் நகரில் சபை புதிதாகத் திறந்த புனித தோமையார் மருத்துவமனைக்கு அவரை அனுப்பினார்கள். நோயாளிகளின் பெயரைப் பதிந்து படுக்கை ஒதுக்குவது அங்கே அவருடைய வேலை. மெலிந்த உருவம், மெல்லிய குரல். தாம் நொறுங்கி எழுந்தவர் என்பதால்தானோ என்னவோ, நொறுங்கி வருகிறவர்களை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

அந்நாளில் மருத்துவமனைகள் குடிகாரர்களைச் சேர்ப்பதில்லை. கூச்சல் போடுவார்கள், கட்டணம் தரமாட்டார்கள் என்ற எண்ணம். ஆனால் பல ஆண்டுகள் அளவின்றிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைகால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், உயிரே போகலாம். அவர்களுக்குப் படுக்கை மிக அவசியம்.

அதே ஆக்ரன் நகரில் 1935 மே மாதம் ஒரு சந்திப்பு நடந்தது. நியூயார்க்கிலிருந்து வந்திருந்த பில் வில்சன் சில மாதங்களாகக் குடியை விட்டிருந்தவர். தொழில் முயற்சி தோற்ற சோர்வில், விடுதியின் மதுக்கூடம் அவரை இழுத்தது. உள்ளே போகாமல், தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியைத் தேடி உள்ளூர்ப் போதகர்களுக்குத் தொலைபேசியில் பேசினார். அந்தத் தேடல் அவரை அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்திடம் கொண்டு சேர்த்தது. மருத்துவரும் குடிக்கு அடிமையானவரே. அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொண்டாடப்படுகிறது.

டாக்டர் பாப் கத்தோலிக்கர் அல்ல. ஆனால் நோயாளிக்கு இடம் கேட்டு 1939-இல் அவர் வந்து நின்றது நம் சகோதரியின் மேசைக்கு முன்னால்தான். ஆகஸ்ட் 16 அன்று, இரைப்பை அழற்சி என்று பதிவேட்டில் எழுதி, ஒரு குடிநோயாளியை இருவர் தங்கும் அறையில் சேர்த்தார் சகோதரி. மறுநாளே மருத்துவர் தனியறை கேட்டார், நண்பர்கள் சிலர் வந்து பேச வேண்டுமாம். தனியறை காலியில்லை. நோயாளிகளுக்கு வரும் மலர்களை அடுக்கி வைக்கும் சிற்றறைக்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார் சகோதரி. பார்க்க வந்தவர்கள் உறவினர் அல்லர். ஒரு காலத்தில் அதே நிலையில் கிடந்து மீண்டவர்கள்.

மருந்து தெளிய வைக்கும், தெளிந்தவரைத் தாங்குவது அந்த மனிதர்கள்தான் என்று அவர் புரிந்துகொண்டார். பிறகு உருவான தனிப்பிரிவின் ஒழுங்கும் அதையொட்டியே அமைந்தது. நோயாளியை ஏ.ஏ. அன்பர் ஒருவர் பொறுப்பேற்று அழைத்து வரவேண்டும். ஐந்து நாள்கள்தான் தங்கலாம். அந்நாள்களில் மீண்டவர்கள் வந்து வந்து பேசுவார்கள், காப்பி எப்போதும் சூடாக இருக்கும். விடைபெறும்போது ஒரு திரு இருதயப் பதக்கம் தருவார் சகோதரி. மறுபடி குடிக்க நினைத்தால் முதலில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

ஒருமுறை தங்கியவருக்கு இரண்டாம் முறை இடமில்லை என்பதும் அவருடைய விதி. இது எனக்கு முதலில் கடுமையாகவே பட்டது. ஆனால் கட்டில் எப்போதும் காத்திருக்கிறது என்று தெரிந்தால், யார் தெருக்கோடியில் நடக்கும் கூட்டத்தைத் தேடிப் போவார்கள்?

தமிழகத்திலும் பல ஊர்களில் ஏ.ஏ. கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன, பெரும்பாலும் ஆலய வளாகங்களிலும் பள்ளி அறைகளிலும். கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை. குடியை நிறுத்தும் ஆசை ஒன்றே தகுதி. திறந்த கூட்டத்திற்குக் குடும்பத்தாரும் போகலாம். குடும்பத்தாருக்கென்றே 1951-இல் தொடங்கிய அல்-அனான் குழுக்களும் உண்டு. எங்கே, எந்தக் கிழமை என்பதைப் பங்குத்தந்தையிடம் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் தனியே அனுப்பாதீர்கள், உடன் போங்கள்.

டாக்டர் பாப் 1950-இல் இறந்தார். அதற்குள் ஏறக்குறைய ஐயாயிரம் பேர் அந்தப் பிரிவைக் கடந்து சென்றிருந்தார்கள். 1952-இல் சகோதரி கிளீவ்லாந்தின் புனித வின்சென்ட் சேரிட்டி மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அங்கே திறந்த பிரிவுக்கு அவர் வைத்த பெயர் ரோசரி ஹால் சொலேரியம். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகள் மூன்றும், இராபர்ட் ஹோல்புரூக் ஸ்மித் என்ற டாக்டர் பாப்பின் முழுப்பெயருக்கும் முதலெழுத்துகள். 1966 ஏப்ரல் 1 அன்று இறைவனடி சேரும் முன் இன்னும் பல ஆயிரம் பேருக்கு அங்கே அவர் கட்டில் ஒதுக்கியிருந்தார்.