வைணு பாப்பு

மணாலி கல்லாட் வைணு பாப்பு (ஆகஸ்ட் 10, 1927 - ஆகஸ்ட் 19, 1982) இந்திய வானியலாளர். வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையில் அமைந்துள்ள காவலூர் வானாய்வகத்தை நிறுவியவர்.

வாழ்க்கைக் குறிப்பு

சென்னையில் பிறந்தார். இவரது தந்தை ஐதராபாத்தின் நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். பாப்பு நிசாம் கல்லூரியில் பயின்று, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கு 1949 இல் போக், நியூகர்க் ஆகியோருடன் ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்தார். 1957 இல் வெளியான வில்சன்-பாப்பு விளைவு விண்மீன்களின் தொலைவைக் கணக்கிட உதவுகிறது. 1960 இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார்.

காவலூரும் விண்மீன் மறைப்புகளும்

கொடைக்கானலில் சூரிய ஆய்வே முதன்மையாக இருந்தது. இரவு வானை ஆராய, நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ள காவலூரை பாப்பு தேர்ந்தெடுத்தார். 1968 இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் அங்கு பணி தொடங்கியது. 1972 இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது.

கோளோ துணைக்கோளோ சிறுகோளோ ஒரு விண்மீனின் குறுக்கே கடக்கும்போது அவ்விண்மீன் சற்று நேரம் மறைகிறது. மறைக்கும் பொருளுக்கு வளிமண்டலம் இல்லையெனில் ஒளி சட்டென அணையும். இருந்தால் படிப்படியாக மங்கும். நிழல் புவியின் எப்பகுதியில் விழுகிறதோ அங்கிருந்து மட்டுமே இதைக் காணலாம். ஆகவே சரியான இடத்தில் தொலைநோக்கி இருப்பது முக்கியமாகிறது.

1972 ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் பெற்ற பதிவுகளைக் கொண்டு கானிமீடுக்கு வளிமண்டலம் உண்டென அறிவிக்கப்பட்டது. அதன் அடர்த்தி மிகையாக மதிப்பிடப்பட்டிருந்ததை 1979 இல் வாயேஜர் 1 காட்டியது. பின்னர் ஹபிள் தொலைநோக்கி மிக மெல்லிய ஆக்சிசன் படலத்தைக் கண்டறிந்தது.

1977 மார்ச் 10 இரவு யுரேனசு துலாம் விண்மீன் குழுவிலுள்ள ஒரு விண்மீனை நெருங்கியது. காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அவ்விண்மீனின் ஒளி சில நொடிகள் குறைந்ததைப் பதிவு செய்தனர். முதலில் அதைப் புதிய துணைக்கோள் எனக் கருதி அவர்கள் அறிவித்தனர். இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த கைப்பர் வானூர்தி ஆய்வகத்தின் பதிவில் கோளின் இருபுறமும் ஒளி பலமுறை குறைந்திருந்தது. இதனால் அவை வளையங்கள் என்பது தெளிவாயிற்று. சனிக்கோளுக்கு மட்டுமே வளையங்கள் உண்டென்ற கருத்து அத்துடன் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் பாப்புவும் பட்டாச்சார்யாவும் காவலூர்ப் பதிவை மீண்டும் ஆராய்ந்து, யுரேனசின் வளையத் தொகுதி பற்றி நேச்சர் இதழில் எழுதினர். துணைக்கோள் என்ற முதல் முடிவு பிழையானாலும் பதிவு பிழையற்றது; அதன் மதிப்பு குறையவில்லை.

இறுதிக்காலம்

1979 இல் அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதய அறுவை சிகிச்சைக்குப் பின் மியூனிக் நகரில் காலமானார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 இல் காவலூரில் திறக்கப்பட்டு, அவர் பெயரைப் பெற்றது. 2596 என்ற எண்ணுடைய சிறுகோளுக்கும் வைணு பாப்பு எனப் பெயரிடப்பட்டுள்ளது.