திக்கிய நாவும் தயங்காத மனமும்

டயமண்ட் ஹார்பர் ரோட்டில் ஒருவர் பஸ் ஏறுகிறார். கண்டக்டர் கை நீட்டி, எங்கே போகவேண்டும் என்று கேட்கிறார். சொல்ல வேண்டியது ஒரே சொல்: பெஹாலா. ஆனால் உதடுகள் ஒட்டிக்கொள்கின்றன. முதல் எழுத்து வெளியே வர மறுக்கிறது. பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். வாய்க்கு எளிதாக வந்த வேறோர் இடத்தின் பெயரைச் சொல்லி, கூடுதல் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு, பெஹாலாவிலேயே இறங்கிவிடுகிறார். திக்குவாய் உள்ளவர்களுக்கு இது கதையல்ல, அன்றாட அவஸ்தை.

பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இக்குறை உண்டு. ஆபீசில் டெலிபோன் மணி அடித்ததும் எழுந்து வெளியே போகிறவர், இன்டர்வியூவுக்கு அஞ்சிப் பதவி உயர்வைக் கைவிட்டவர், பெண் பார்க்கப் போன இடத்தில் ஊமைபோல் உட்கார்ந்துவிட்டு வந்தவர் எனப் பல பேர். வங்காளியிலும் இந்தியிலும் பேசிப் பிழைக்க வேண்டிய ஊரில், தாய்மொழியிலேயே தடுமாறுகிறவரின் பாடு இன்னும் கஷ்டம். அத்தகையவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. அது கேரள மாநிலத்தின் முதலாவது முதலமைச்சராக இருந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாத்தின் வாழ்க்கை.

வேதம் ஓதிய சிறுவன்

1909-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி, பெரிந்தல்மண்ணைக்கு அருகிலுள்ள ஏலங்குளத்தில் இ.எம்.எஸ். பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்த ஊர். பெரும் நிலவுடைமைக் குடும்பம். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். குல வழக்கப்படி சமஸ்கிருதமும் ரிக் வேதமும் கற்றார். இங்கிலீஷ் பள்ளிப் படிப்பு பிறகுதான் வந்தது.

அவருக்குத் திக்குவாய் இருந்தது. பாடும்போதும், ராகத்தோடு ஓதும்போதும் திக்குவாய்க்காரர்கள் பெரும்பாலும் தடங்கலின்றிச் சொல்லிவிடுவார்கள். தாளம் நாவுக்குத் துணை நிற்கிறது. ஆனால் நாலு பேரோடு பேசும்போது தாளத்துக்கு எங்கே போவது?

திக்குவாய்க்காரருக்கு ஏற்ற வேலை எது என்று கேட்டால், மூலையில் உட்கார்ந்து எழுதும் வேலை என்றுதான் பலரும் சொல்வார்கள். இ.எம்.எஸ்ஸுக்கு எழுத்து நன்றாகவே வந்தது. நம்பூதிரி சமூகச் சீர்திருத்த இயக்கத்தில் சேர்ந்து, இளம் வயதிலேயே எழுதத் தொடங்கினார். எழுத்தோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நிற்கவில்லை. பேச்சையே மூலதனமாகக் கேட்கும் அரசியலுக்குள் நுழைந்தார்.

மேடையை விட்டு ஓடவில்லை

திருச்சூர் புனித தாமஸ் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சட்டமறுப்பு இயக்கத்தில் சேர்ந்து சிறை சென்றார். 1934-ல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியை நிறுவியவர்களில் ஒருவரானார். பின்னர் கம்யூனிஸ்டானார். குடும்பச் சொத்தில் தம் பங்கை விற்றுக் கட்சிக்குக் கொடுத்தார்.

1940-க்குப் பின் தலைமறைவு வாழ்க்கை. தலைமறைவில் இருப்பவர் பெயரை மாற்றிக்கொள்ளலாம், உடையை மாற்றிக்கொள்ளலாம். திக்குவாயை எப்படி மாற்றுவது? வாயைத் திறந்தாலே அடையாளம் தெரிந்துவிடக் கூடிய நிலையிலும் அந்த ஆண்டுகளைக் கடந்தார்.

1957-ல் நீலேசுவரம் தொகுதியில் வென்று, ஏப்ரல் 5-ந் தேதி முதலமைச்சரானார். ஆறே நாளில், குத்தகை விவசாயிகளை நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம் வந்தது. சட்டசபையில் எதிர்க்கட்சியினரின் கேள்விகள், வெளியே போராட்டம், நாடெங்கும் விவாதம். இத்தனைக்கும் பதில் சொல்லும் பொறுப்பு ஒரு திக்குவாய்க்காரரின் தலையில் விழுந்தது. 1959 ஜூலை 31-ந் தேதி மத்திய அரசு அவருடைய ஆட்சியைக் கலைத்தது. 1967-ல் மீண்டும் முதலமைச்சராகி, 1969 வரை இருந்தார்.

அவர் பேச்சு அவருக்கு அபராதமும் வாங்கித் தந்தது. 1967 நவம்பரில் பத்திரிகையாளர் கூட்டத்தில் நீதிமன்றங்களைப் பற்றி அவர் சொன்ன கருத்துக்காக, கேரள ஹைகோர்ட் ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. 1970-ல் சுப்ரீம் கோர்ட் அதை 50 ரூபாயாகக் குறைத்தது. குற்றம் குற்றமே என்றும் சொல்லிவிட்டது. சொல்ல வராத வாய் என்று ஒதுங்கியிருந்தால் அந்த வம்பே வந்திராது. நினைத்ததைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

கல்கத்தாவில்

கல்கத்தாவுக்கும் அவருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கம்யூனிஸ்ட் கட்சி பிளவுபட்டபின், 1964-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் மாநாடு இந்நகரில்தான் கூடியது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது பேர் கொண்ட அரசியல் தலைமைக் குழுவில் ஜோதி பாசுவும், தமிழ்நாட்டின் பி. ராமமூர்த்தியும், இ.எம்.எஸ்ஸும் இருந்தார்கள். 1978 முதல் 1992 வரை இ.எம்.எஸ். கட்சியின் பொதுச் செயலாளர். 1978 டிசம்பரில் ஹௌராவின் சால்கியாவிலும், 1985 டிசம்பரில் கல்கத்தாவிலும் கூடிய மாநாடுகள் அவர் பொதுச் செயலாளராக இருந்தபோது நடந்தவை. அவருடைய கொள்கையை ஏற்றவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. அவர் திக்குகிறார் என்பதற்காகக் கேட்காமல் எழுந்து போனவர்கள் அதிகம் இல்லை.

எப்போதும் திக்குவீர்களா என்று ஒருவர் கேட்டாராம். இல்லை, பேசும்போது மட்டும்தான் என்று இ.எம்.எஸ். பதில் சொன்னாராம். கேரளத்தில் இன்றும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்புக்குள் ஒரு மருந்து இருக்கிறது. தன் குறையைத் தானே ஒப்புக்கொண்டவரைக் கேலி செய்ய மற்றவர்களிடம் என்ன மிச்சம் இருக்கும்?

மறைப்பதே பாதி நோய்

பேச்சு மருத்துவ நிபுணர்களும் இதைத்தான் வேறு விதமாகச் சொல்கிறார்கள். திக்குவது சிறு பங்கு. திக்கிவிடுவோமோ என்ற அச்சமும், அதை மறைக்கச் செய்யும் தந்திரங்களுமே பெரும் பங்கு. கடினமான சொல்லைத் தவிர்த்தால் அப்போதைக்கு நிம்மதி கிடைக்கும். அடுத்த முறை அதே சொல்லைக் கண்டு அச்சம் இரட்டிப்பாகும். அமெரிக்க நிபுணர் சார்லஸ் வான் ரைப்பர் தாமே திக்குவாய்க்காரர். திக்கலை மறைத்துப் போராடாமல், இறுக்கமில்லாமல் திக்கிவிட்டு மேலே பேசக் கற்பதே வழி என்று அவர் கற்பித்தார். எதிரில் இருப்பவரிடம், எனக்குத் திக்கும், சற்றுப் பொறுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவது பலருக்கு உதவுகிறது. பேச்சுப் பயிற்சியாளரிடம் செல்வதில் வெட்கத்துக்கு இடமில்லை.

இ.எம்.எஸ். 1998 மார்ச் 19-ந் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார். அவருடைய எழுத்துக்கள் நூறு தொகுதிகளாக வெளிவந்திருக்கின்றன. அவருடைய திக்கல் கடைசிவரை தீரவில்லை. தீரட்டும், பிறகு பேசலாம் என்று அவர் காத்திருந்தால், 88 வயது வரை ஏலங்குளத்திலேயே மௌனமாக இருந்திருக்க வேண்டியதுதான்.

பஸ்ஸில் கண்டக்டர் மறுபடியும் கேட்பார். பெ, பெ என்று இரண்டு முறை திக்கினாலும், பெஹாலா என்றே சொல்லலாம். டிக்கெட் கிடைக்கும். கூடுதல் காசும் மிச்சமாகும்.