நீரோட்டத்தை நம்பிய நான்சன்



மழை பெய்தால் லயத்துக் கால்வாயில் காகிதக் கப்பல் விட்டிருப்பீர்கள். அதற்குத் துடுப்பு ஏது, இயந்திரம் ஏது? தண்ணீர் போகிற போக்கில் அதுவும் போகும். இதே காரியத்தை உண்மைக் கப்பலை வைத்துக்கொண்டு, வடதுருவப் பனிக்கடலில் செய்து காட்டினார் ஒருவர். அவர்தான் பிரிட்யோப் நான்சன்.

1861-ஆம் ஆண்டு நார்வே நாட்டில் பிறந்தவர். சிறுவயதிலேயே பனிச்சறுக்கில் கெட்டிக்காரர். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். 1888-இல் தம்மையும் சேர்த்து ஆறே பேருடன், கிரீன்லாந்துத் தீவின் பனிப்பாலையைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். அதற்கு முன் யாரும் அதைக் கடந்ததில்லை.

அவர் மனத்தில் வேறொரு செய்தி உறுத்திக்கொண்டே இருந்தது. 1881-இல் சைபீரியாவுக்கு வடக்கே ஜெனட் என்ற அமெரிக்கக் கப்பல் பனியில் நொறுங்கிப் போச்சு. மூன்று வருஷம் கழித்து அதன் சாமான்கள் எங்கே கிடைத்தன தெரியுமா? எங்கோ தொலைவில், கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில்! யார் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டார்கள்? பனிக்கு அடியில் ஒரு நீரோட்டம் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார் நான்சன். பனியோடு சண்டை போடாமல், அது இழுக்கும் வழியிலேயே போனால் என்ன என்று யோசித்தார்.

துருவப் பயணத்தில் பழுத்த பலர் இது தற்கொலைக்குச் சமம் என்று தடுத்தார்கள். அவர் அசரவில்லை. பனி நெருக்கினால் நசுங்காமல் மேலே எழும்பி நிற்கும்படி, உருண்டை அடிப்பாகத்துடன் ஒரு மரக்கப்பலைக் கட்டச் செய்தார். பெயர் பிராம், முன்னே செல் என்று பொருள். 1893-இல் 13 பேர் புறப்பட்டார்கள். செப்டம்பரில் கப்பல் பனியில் இறுகியது. பிறகு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அது பனியோடு நகர்ந்துகொண்டே இருந்தது.

1895-இல் நான்சனும் தோழர் யோகான்சனும் நாய்வண்டிகளோடு துருவத்தை நோக்கி நடந்தார்கள். 86 பாகைக்கு மேல் சென்றும் வழி விடவில்லை. பிடிவாதம் பிடிக்காமல் திரும்பினார்கள். கல்லும் வால்ரஸ் தோலும் கொண்டு குடிசை கட்டி, கரடி இறைச்சி தின்று ஒரு குளிர்காலத்தைத் தள்ளினார்கள். 1896 ஆகஸ்டில் அவர்களும் ஊர் சேர்ந்தார்கள். கப்பலும் பனியை விட்டு வெளியே வந்தது. 13 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை!

இதனால் உலகுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். பனி, காற்று வீசும் திசையிலேயே போகாமல், அதற்கு வலப்பக்கமாக 20 முதல் 40 பாகை விலகிப் போவதை நான்சன் குறித்து வைத்தார். பூமி சுழல்வதே காரணம் என்று கருதினார். எக்மன் என்ற சுவீடன் நாட்டு இளைஞர் அதைக் கணக்குப் போட்டு 1905-இல் விளக்கினார். ஆக, காற்று தள்ளுகிறது. பூமியின் சுழற்சி திருப்புகிறது. நிலக்கரை தடுத்து வளைக்கிறது. குளிர்ந்த நீரும் உப்பு மிகுந்த நீரும் கனத்து ஆழத்தில் இறங்குகின்றன. இவையெல்லாம் சேர்ந்துதான் கடல் நீரோட்டம்.

அட்லாண்டிக்கின் வெப்பமான நீரோட்டம் வருவதால்தான், அவ்வளவு வடக்கே இருந்தும் நார்வேயின் துறைமுகங்கள் குளிர்காலத்தில் உறைவதில்லை. ஆழத்துச் சத்து நீர் மேலே வருமிடத்தில் மீன் பெருகுகிறது. நம் கிளந்தான், திரங்கானு கரையோரத்திலும் பருவக்காற்று மாறினால் நீரோட்டத்தின் திசையும் மாறிவிடும்.

நான்சனின் கதை கடலோடு முடியவில்லை. முதல் உலகப் போருக்குப் பின், 4 லட்சத்துக்கும் அதிகமான போர்க்கைதிகளை வீடு சேர்த்தார். 1921-இல் ரஷ்யாவில் பஞ்சம் வந்தபோது ஊர் ஊராகப் போய் உதவி கேட்டார். நாடிழந்து நின்ற அகதிகளுக்கு 1922-இல் ஒரு பயணச் சான்றிதழ் உண்டாக்கினார். நான்சன் கடப்பிதழ் என்றே அதற்குப் பெயர். கையில் ஒரு தாள் இல்லாதவன் படும் பாடு, சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்த பெரியவர்கள் உள்ள தோட்டத்து மக்களுக்குத் தெரியாததா? அதே ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தையும் துயர் துடைக்கவே கொடுத்துவிட்டார். 1930-இல் மறைந்தார்.

பிள்ளைகளே! கரையில் ஒதுங்கிய பழஞ்சாமான்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். எப்படி வந்தது என்று விடாமல் கேட்டவர் நான்சன். நீங்களும் கேளுங்கள். பெற்றோர்களே, பிள்ளை கேள்வி கேட்டால் சும்மா இரு என்று அடக்காதீர்கள். அந்தக் கேள்வி அவனை எவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சேர்க்குமோ, யார் கண்டது!