அணை கட்டப் போன இன்ஜினீயர், பஞ்சாப் கிராமங்களின் 'பாஜி' ஆன கதை: யார் இந்த குர்ஷரண் சிங்?

பஞ்சாபில் செப்டம்பர் 27-ம் தேதியை புரட்சிகர நாடக தினமாக கொண்டாடுகிறார்கள். அரசு அறிவித்த நாள் கிடையாது. நாடகக் குழுக்களும் விவசாய சங்கங்களும் தாங்களாகவே எடுத்துக்கொண்ட நாள். 2011-ல் அதே நாளில்தான் குர்ஷரண் சிங் சண்டிகரில் இறந்தார். வயது 82.

பஞ்சாபியில் அவரை 'பாஜி' என்றுதான் கூப்பிடுவார்கள். பாவ் பாஜி இல்லைங்க, அண்ணன் என்று அர்த்தம். பத்து வயசுப் பையனும் பாஜிதான், எழுபது வயசு தாத்தாவும் பாஜிதான்.

1929 செப்டம்பர் 16-ல் முல்தானில் பிறந்தவர். இன்றைக்கு அந்த ஊர் பாகிஸ்தானில் இருக்கிறது. படித்தது வேதியியல். பார்த்த வேலை சிமென்ட், கான்கிரீட் சம்பந்தப்பட்டது. அதுவும் சாதாரண இடத்தில் இல்லை. சட்லெஜ் நதியின் குறுக்கே 226 மீட்டர் உயரத்தில் எழும்பிக்கொண்டிருந்த பக்ரா அணையில்! நேரு பெருமையாக நாட்டுக்குக் காட்டிய திட்டம் அது. அந்த அணையின் தரத்தைக் கவனிக்கும் ஆட்களில் ஒருவராக, கைநிறைய சம்பளத்தோடு இருந்தார் குர்ஷரண். வாழ்க்கை அப்படியே போயிருந்தால் யாருக்கும் இவர் பெயர் தெரிந்திருக்காது.

லோரி பண்டிகைதான் ஆரம்பம்.

ஜனவரி 13-ல் தீ மூட்டிக் கொண்டாடும் பஞ்சாபி பண்டிகை லோரி. நம்ம போகியை ஒட்டி வரும். அணையில் வேலை பார்த்த தொழிலாளர்களுக்கு அந்த நாளில் லீவு இல்லை. அதை வைத்து ஒரு நாடகம் போட்டார்கள். பெயரே 'லோரி தி ஹர்தால்', அதாவது லோரி வேலைநிறுத்தம். பகலில் கான்கிரீட் கொட்டியவர்கள் ராத்திரி உட்கார்ந்து தங்கள் கதையையே பார்த்தார்கள். லீவு கேட்பது எவ்வளவு சின்ன விஷயம்! ஆனால் அதை மேடையில் பார்க்கும்போது கூட்டத்துக்கு வருகிற தைரியம் சின்னது இல்லை என்பதை அந்த இன்ஜினீயர் அங்கேதான் கவனித்தார்.

அதுவரை பஞ்சாபி நாடகம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும். பஞ்சாபியில் நவீன நாடகம் பிறந்தது 1910-களில், லாகூர் கல்லூரி மேடையில். அயர்லாந்தில் பிறந்த நடிகை நோரா ரிச்சர்ட்ஸ், ஷேக்ஸ்பியரை விட்டுட்டு உங்க ஊர் கதையை உங்க மொழியில் எழுதுங்க என்று மாணவர்களைத் தூண்டினார். அப்படி எழுத வந்தவர்தான் ஐ.சி. நந்தா. அதற்குப் பிறகு பல்வந்த் கார்கி போன்ற பெரிய ஆட்கள் வந்தார்கள். சாகித்ய அகாடமி வரை பஞ்சாபி நாடகம் போனது. ஆனால் பெரும்பாலும் அது நகரத்தில், அரங்கத்துக்குள், படித்தவர்கள் பார்க்கும் விஷயமாகவே இருந்தது.

குர்ஷரண் அதை வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். 1964-ல் அமிர்தசரஸ் நாடக் கலா கேந்திரா என்ற குழுவைத் தொடங்கினார். திரை இல்லை, செட் இல்லை, மேக்கப் இல்லை. கிராமத்து முற்றம் போதும். மேடை வேண்டும் என்றால் டிராக்டர் டிரெய்லரை நிறுத்திக்கொள்ளலாம். நடிகர்களுக்கு குர்தா, இடுப்பிலோ தோளிலோ ஒரு துண்டு. அந்தத் துண்டே கயிறு ஆகும், தலைப்பாகை ஆகும், போலீஸ்காரரின் பெல்ட் ஆகும். செலவு கிட்டத்தட்ட பஸ் டிக்கெட் மட்டும்தான்.

ஒரு பிரச்சினை மட்டும் இருந்தது: நடிகைகள். நாடகத்தில் பெண் நடிப்பது என்றாலே அந்தக் காலத்துப் பஞ்சாபில் ஊர் பேசும். மீசையை மழித்த ஆண்களே பெண் வேஷம் கட்டிக்கொண்டிருந்தார்கள். குர்ஷரணின் மனைவி கைலாஷ் கௌர் மேடை ஏறினார். பின்னாளில் மகள்களும் நடித்தார்கள். ஊருக்கு உபதேசம் செய்கிறவர் முதலில் தன் வீட்டில் செய்து காட்டினார் என்பதால், மற்ற வீடுகளில் இருந்தும் மெல்ல மெல்ல பெண்கள் வந்தார்கள். கைலாஷ் கௌரின் பங்கு இந்தக் கதையில் ஒரு வரியோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை. பல பத்தாண்டுகள் அந்தக் குழுவை நிற்க வைத்த தூண் அவர்.

1975 ஜூனில் எமர்ஜென்சி வந்தது. அரசு ஊழியர் ஒருவர் அரசை எதிர்த்து ஊர் ஊராக நாடகம் போட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. கைது, சிறை, வேலையில் இருந்து நீக்கம். எமர்ஜென்சி முடிந்ததும் வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் 1981-ல் அவரே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முழுநேரமும் நாடகத்துக்கே வந்துவிட்டார்.

வந்த நேரம்தான் பயங்கரமான நேரம்.

1980-களின் பஞ்சாப் எப்படி இருந்தது என்று இன்றைய தலைமுறைக்கு அவ்வளவாக தெரியாது. ஒரு பக்கம் காலிஸ்தான் கேட்ட ஆயுதக் குழுக்கள். பஸ்ஸை மறித்து, இந்துப் பயணிகளைத் தனியாகப் பிரித்து சுட்டுக் கொன்ற சம்பவங்கள் நடந்தன. இன்னொரு பக்கம் போலீஸ். போலி என்கவுன்ட்டர், இரவில் கூட்டிப்போய் திரும்பி வராத இளைஞர்கள். 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது. அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். தொடர்ந்து டெல்லியில் மட்டும் அரசு கணக்குப்படியே 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள்.

சாயங்காலம் ஆனால் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்த ஊர்களுக்கு, குர்ஷரண் தன் குழுவோடு போனார். மதத்தின் பெயரால் கொல்கிறவர்களையும் திட்டினார், அரசின் பெயரால் கொல்கிறவர்களையும் திட்டினார். அந்தக் காலத்து நாடகங்களில் 'பாபா போல்தா ஹை' ரொம்பப் பிரபலம். தலைப்புக்கு அர்த்தம், பெரியவர் பேசுகிறார். ஒரு தரப்பை மட்டும் எதிர்த்திருந்தால் இன்னொரு தரப்பின் பாதுகாப்பாவது கிடைத்திருக்கும். இவருக்கு அதுவும் கிடையாது. மிரட்டல்கள் வந்தன. அது வெறும் பூச்சாண்டியும் இல்லை. இடதுசாரிக் கவிஞர் பாஷ், 1988 மார்ச் 23-ல் தன் சொந்த கிராமத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். குர்ஷரண் நாடகத்தை நிறுத்தவில்லை.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. எந்த அரசு அவரை ஜெயிலில் போட்டதோ, அதே அரசின் தூர்தர்ஷன்தான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. ஜலந்தர் தூர்தர்ஷன் தொடரில் 'பாய் மன்னா சிங்' என்ற கிராமத்துப் பெரியவராக நடித்தார். எள்ளலும் எடக்கும் கலந்த பேச்சு. அதற்குப் பிறகு நிறைய பேருக்கு அவர் நிஜப் பெயரே மறந்துபோனது, மன்னா சிங் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் புகழை அவர் சினிமாவுக்குப் போகப் பயன்படுத்தவில்லை. டிவியில் பார்த்த ஆள் நேரில் வருகிறார் என்று கூடிய கூட்டத்துக்கு, டிவியில் சொல்ல முடியாததைச் சொன்னார்.

அவர் நாடகங்கள் மீது விமர்சனமே இல்லையா? நிறைய உண்டு. கதாபாத்திரங்களில் ஆழம் இல்லை, எல்லாம் போஸ்டர் மாதிரி இருக்கு, நடுநடுவே பிரசங்கம் என்று நாடக அறிஞர்கள் சொன்னார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. நூற்றுக்கும் மேல் எழுதியவர், பல நாடகங்களை அன்றைக்கு நடந்த செய்தியை வைத்து அவசரமாக எழுதினார். அந்தச் செய்தி பழசானதும் நாடகமும் பழசாகிவிட்டது. ஆனால் 'டோயா' அப்படி இல்லை. டோயா என்றால் குழி. ஒருவன் குழிக்குள் விழுந்து கிடக்கிறான். அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லாம் நின்று பேசுகிறார்கள், அறிவுரை சொல்கிறார்கள், கை கொடுத்துத் தூக்கிவிட மட்டும் ஆளில்லை. இதை எந்த மாநிலத்தில், எந்த வருஷத்தில் போட்டாலும் கூட்டம் சிரிக்கும்.

நாடகம் முடிந்ததும் இன்னொரு வேலை நடக்கும். புத்தக விற்பனை. நடிகர் பல்ராஜ் சாஹ்னியின் நினைவாக ஒரு பதிப்பகம் நடத்தி, கூலித் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலையில் சின்னச் சின்ன புத்தகங்கள் போட்டார். நாடகம் பார்க்க வந்தவர் கையில் ஒரு புத்தகத்தோடு திரும்பிப் போவார். புத்தகக் கடையே இல்லாத ஊர்களுக்கு இப்படித்தான் பஞ்சாபி இலக்கியம் போய்ச் சேர்ந்தது.

1993-ல் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. பிறகு மத்தியப் பிரதேச அரசின் காளிதாஸ் சம்மானும் வந்தது. ஆனால் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது வேறு ஒரு பாராட்டு விழாவை. 2006 ஜனவரி 11, மோகா மாவட்டம் குஸ்ஸா கிராமம். விவசாயிகளும் நிலமற்ற கூலித் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் கூடி, தங்கள் பாஜிக்குத் தாங்களே விழா எடுத்தார்கள். ஒரு நாடகக்காரருக்கு, வடக்கத்திப் பனிக்குளிரில், வயல்வெளியில் அவ்வளவு கூட்டம்!

பகத் சிங்கைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஊர் ஊராக நாடகம் போட்டவர் குர்ஷரண். அவர் இறந்தது செப்டம்பர் 27. அடுத்த நாள், பகத் சிங்கின் பிறந்தநாள்.