ழாக் மோனோ

ழாக் லூசியன் மோனோ (பெப்ரவரி 9, 1910 - மே 31, 1976) பிரான்சு நாட்டு உயிர்வேதியியலாளர் ஆவார். நொதியங்களும் தீநுண்மங்களும் உருவாவதை மரபணுக்கள் கட்டுப்படுத்தும் விதத்தைக் கண்டறிந்தமைக்காக, 1965 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசை பிரான்சுவா ழாக்கோப், ஆந்திரே லுவோஃப் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

வாழ்க்கை

மோனோ பாரிசில் பிறந்து கான் நகரில் வளர்ந்தார். தந்தை ஓவியர், தாய் அமெரிக்கர். 1934 இல் பூர்க்குவா-பா என்ற ஆய்வுக் கப்பலில் கிரீன்லாந்து சென்று வந்தார். 1936 இல் மீண்டும் அதில் செல்லவிருந்தவர், அதைத் தவிர்த்து மரபியல் கற்கக் கலிபோர்னியா சென்றார். அவ்வாண்டு அக்கப்பல் ஐசுலாந்து அருகே மூழ்கியது. ஒருவரே உயிர் தப்பினார்.

இரண்டாம் உலகப் போரின்போது செருமானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த தலைமறைவு இயக்கத்தில் பணியாற்றினார். ஆய்வகத்துக்கு வெளியே இருந்த ஒட்டகச்சிவிங்கி எலும்புக்கூட்டின் கால்களுக்குள் இயக்க ஆவணங்களை ஒளித்துவைத்தார் என்று கூறப்படுகிறது. ஆய்வையும் அவர் கைவிடவில்லை.

ஆய்வு

குளுக்கோசுடன் வேறொரு சர்க்கரையைக் கலந்து பாக்டீரியாக்களை வளர்த்தபோது, சில கலவைகளில் அவை முதலில் குளுக்கோசை மட்டும் உண்டு பெருகின. அது தீர்ந்ததும் வளர்ச்சி நின்றது. சிறிது நேரம் கழித்தே மீண்டும் தொடங்கியது. 1941 இல் ஏற்கப்பட்ட முனைவர் பட்ட ஆய்வில் மோனோ இதனை விவரித்தார். அந்த இடைவெளியில், இரண்டாவது சர்க்கரைக்கு வேண்டிய நொதியங்களை உயிரணு புதிதாக உருவாக்குகிறது. புரதம் செய்வது ஆற்றலை மிகுதியாக விழுங்கும் வேலை என்பதால், தேவையற்றதைச் செய்யாதிருப்பது பெரும் சிக்கனம்.

லாக்டோசு போன்ற பொருள்கள் தமக்குரிய நொதியத்தின் உற்பத்தியை நேரடியாகத் தூண்டுகின்றன என்றே மோனோ முதலில் எண்ணினார். ஆர்தர் பார்டி, ழாக்கோப் ஆகியோருடன் செய்து 1959 இல் வெளியிட்ட சோதனை இதற்கு மாறாக அமைந்தது. நொதிய மரபணு அதனை இழந்த பாக்டீரியாவுக்குள் நுழைந்தவுடன், தூண்டும் பொருள் இல்லாமலேயே நொதியம் உருவானது. பின்னர் உற்பத்தி நின்றது. அதாவது, அடக்கி என்னும் பொருள் சேரும்வரை மரபணு தடையின்றி இயங்குகிறது. லாக்டோசு உற்பத்தியைத் தூண்டுவதில்லை, தடையை நீக்குகிறது. இதன் வழியே பிறந்த ஓப்பெரான் கோட்பாட்டை இருவரும் 1961 இல் விரிவாக வெளியிட்டனர். அடக்கி ஒரு புரதம் என்பதை 1966 இல் வால்ட்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அதனைப் பிரித்தெடுத்துக் காட்டினர்.

குளுக்கோசுக்கு ஏன் முதலிடம் என்ற பழைய கேள்விக்கு அடக்கி மட்டும் போதுமான விடையன்று. குளுக்கோசு உள்ளபோது லாக்டோசு உயிரணுவுக்குள் நுழைவதே தடுக்கப்படுகிறது. லாக்டோசு மரபணுக்களை ஊக்குவிக்கும் சுழற்சி ஏஎம்பி என்ற மூலக்கூறின் அளவும் குறைந்திருக்கும். இவை பிறரின் ஆய்வுகளால் தெளிவாயின.

பிற்காலம்

1970 இல் வெளியான தற்செயலும் தேவையும் என்ற பொருள்படும் தலைப்புடைய நூல் இவரைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. 1971 முதல் பாசுட்டர் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். அப்பொறுப்பில் இருந்தபோதே கான் நகரில் காலமானார்.